கிழிந்த காதுக்காரி

சாயங்காலம் நாலு மணிக்கு டீ வந்ததும் எங்கள் ஷெட்டில் சத்தம் நிற்கும். வெல்டிங் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு நாங்கள் நாலைந்து பேர் தங்கவேலுவின் செல்போன் முன்னால் உட்காருவோம். வெல்டிங் ராடு வந்த காலி டப்பாவின்மேல் போன் சாய்ந்திருக்கும். அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியும். சுற்றிலும் கொஞ்சம் ஈர மண். அதற்கு அப்பால் கண் போகிற மட்டும் கல்லும் வெயிலும். வேறொன்றும் இல்லை. அது பிடித்து வைத்த படம் இல்லை. ஆப்பிரிக்காவில் ஒரு வறண்ட காட்டில் அந்த நிமிஷம் நடப்பது. அங்கே தொட்டிக்கு எதிரில் ஒரு கம்பத்தில் கேமரா வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நமக்கு டீ வேளை என்றால் அங்கே உச்சி வெயில், மிருகங்கள் தண்ணீருக்கு வருகிற நேரம்.

"இன்னா தங்கவேலு, உன் சம்பந்தியம்மா வந்தாளா?" என்பாள் பஞ்சவர்ணம். வண்டி சீட்டுக்கு ரெக்சின் தைப்பவள் அவள்.

"இன்னும் இல்லக்கா."

"பவுடர் போட்டுகினு கீறாளோ இன்னாவோ."

எல்லோரும் சிரிப்பார்கள். தங்கவேலுவும் சிரிப்பான், ஆனால் கண்ணை எடுக்க மாட்டான். அவன் காத்திருந்தது ஒரு யானைக்காக. இடது காது வாழை இலை மாதிரி நடுவில் கிழிந்த ஒரு தாய் யானை. அது தன் குட்டியோடு வந்து அந்தத் தொட்டியில் தண்ணீர் குடிப்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் மகளுடைய வளைகாப்புக்கு நாள் குறிக்க மாட்டேன் என்று இருந்தான். மகள் ஷோபனாவுக்கு ஏழாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் வேலை செய்வது திருமழிசை எஸ்டேட்டில், வண்டிக்கு பாடி கட்டுகிற கம்பெனி. தண்ணி லாரி, ஸ்கூல் பஸ், குப்பை வண்டி என்று எது வந்தாலும் கட்டுவோம். போன வருஷம் ஆப்பிரிக்காவிலிருந்து புதுசாக ஒரு ஆர்டர் வந்தது. காட்டுக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மிருகம் காட்டுகிற வண்டி. படி படியாக மூன்று வரிசை சீட்டு, மேலே ஒரு கூரை, பக்கத்தில் ஒன்றுமே இல்லை. படத்தைப் பார்த்ததும் தங்கவேலு சொன்னான், "சார், கிரில்ல போட மறந்துட்டானுங்க."

எங்களுக்குத் தெரிந்தது வண்டலூர் ஜூதான். அங்கே சிங்கம் வெளியே இருக்கும், நாம் கம்பி வலை போட்ட வண்டிக்குள்ளே இருப்போம். சூப்பர்வைசர் ஆனந்தன் சார் மறுபடி மறுபடி விளக்கினார். கிரில் கிடையாது, கதவு கிடையாது, அங்கே அப்படித்தான்.

"அப்ப சிங்கம் ஏறி உக்காந்தா டிக்கெட் வாங்குவீங்களா?" என்றாள் பஞ்சவர்ணம்.

பாடியைப் பிரித்துத்தான் கப்பலில் அனுப்ப முடியும். அங்கே போய்ப் பூட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். வெல்டிங்குக்குத் தங்கவேலு, ஃபிட்டிங்குக்கு நான், இங்கிலீஷ் பேச ஆனந்தன் சார். என் பெயர் உத்தமன். எங்கள் சென்னீர்குப்பத்தைத் தாண்டி நான் அதிக தூரம் போனது திருப்பதிதான். இந்த வயதில்தான் எனக்கு பாஸ்போர்ட் எடுத்தார்கள்.

அந்த இடத்தைக் காடு என்றார்கள். அப்படிச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. காடு என்றால் மரம் வேண்டாமா? ஏரி வற்றி, அந்த வற்றிய தரையும் வெந்து, அதன்மேல் ஜல்லி கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மழை பெய்தே சில வருஷம் ஆகிவிட்டதாம். தண்ணீர் ஓடாத ஒரு ஆறு, அதன் ஓரம் முள் மரங்கள். பெரிய பெரிய பூங்காக்களுக்குப் போகிற கூட்டம் இந்தப் பக்கம் வராது. ஆனால் அந்தக் கல்லுக்கு நடுவிலும் உயிர் இருந்தது. நீளக் கொம்பு மான், நெருப்புக்கோழி, வரிக்குதிரை. எதைத் தின்று நடமாடுகின்றன என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. தங்கவேலு ஒரு நாள் சொன்னான், "நம்மள மாதிரிதான் மச்சான். கெடச்சத தின்னுட்டு நடந்துகினே கீதுங்க."

அங்கே வண்டி ஓட்டுபவர், வழி காட்டுபவர் இரண்டும் ஒரே ஆள். ஹோசியா என்று பெயர். எங்கள் வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். வேலை முடிந்த மறுநாள், வண்டி பாரம் தாங்குகிறதா என்று பார்க்க எங்கள் மூவரையும் அங்கத்து ஆட்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டு சஃபாரி கிளம்பினார். கிளம்பும் முன் ஆனந்தன் சாரிடம் சொல்லி எங்களுக்குப் புரிய வைத்தார். மிருகத்தின் கண்ணுக்கு வண்டியும் அதில் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து ஒரே உருவம்தான். எழுந்து நிற்காதே, கையை நீட்டாதே, கத்தாதே. எது நடந்தாலும் கீழே இறங்காதே.

தங்கவேலு தலையை ஆட்டினான். அவன் மீறுகிற ஆள் இல்லை. முப்பது வருஷமாக எந்த சூப்பர்வைசர் சொன்னதையும் அவன் மீறியதில்லை.

வரிக்குதிரைகளைப் பார்த்தோம். தூரத்தில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று முள் மரத்தின் உச்சியை மேய்ந்துகொண்டிருந்தது. பிறகு அந்தத் தொட்டிக்கு வந்தோம். ஹோசியா வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். சூரிய வெளிச்சத்தில் ஓடுகிற பம்பு சன்னமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆற்று வழியாக அது வந்தது. மண் நிறம். உயரம். எலும்பு தெரிந்தது. அதன் காலடியில், வயிற்று நிழலை விட்டு வெளியே வராமல், ஒரு குட்டி.

என் பக்கத்தில் தங்கவேலுவின் மூச்சு மாறியதை நான் கேட்டேன். ஷோபனாவுக்கு இரண்டு முறை கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது இப்போது வளர்ந்து வருகிறது. அவன் கிளம்பும்போது மகள் பயப்படுவதைப் பார்த்துவிட்டு வந்தவன். அவன் கண்ணுக்கு முன்னால் குட்டியோடு யானை வருகிறது. வண்டி ஆடியது. திரும்பிப் பார்த்தால் அவன் கீழே நிற்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கைகூப்பி, தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றான். பூந்தமல்லியில் ஒரு காலத்தில் பாகன் யானையைத் தெருத்தெருவாக ஓட்டி வருவான். காசு கொடுத்தால் யானை தும்பிக்கையால் தலையைத் தொடும். பிள்ளை பெறப் போகிறவர்கள் வீட்டில் அதற்காகவே காத்திருப்பார்கள். அவன் அப்படித்தான் நின்றான். தும்பிக்கை வரும் என்று நின்றான்.

யானை நின்றது. இரண்டு காதும் விரிந்தன. அப்போதுதான் அந்தக் கிழிசலைப் பார்த்தேன். குட்டி வயிற்றுக்கடியில் புகுந்தது. ஹோசியா மெதுவாக, மிக மெதுவாக, ஏதோ சொன்னார். ஆனந்தன் சார் அதே மெதுவான குரலில் தமிழில் சொன்னார்: "தங்கவேல், அசையாதீங்க. அப்டியே நில்லுங்க."

அது ஓடி வரவில்லை. தலையை ஒரு தடவை உதறியது. பிறகு குட்டியைத் தும்பிக்கையால் முன்னால் தள்ளிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. தண்ணீருக்கும் அதற்கும் நடுவே எங்கள் வண்டி நீளம்தான் இருந்திருக்கும்.

ஹோசியா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கவேலுவைக் கையைப் பிடித்து ஏற்றினார். அவனுடைய செருப்பை அவரே எடுத்துத் துணியில் சுற்றி வண்டிக்குள் வைத்தார், மனித வாசனை அங்கே இருக்கக் கூடாது என்று. திரும்பும் வழியில் முதுகைக் காட்டியபடியே பேசினார். ஆனந்தன் சார் எங்களுக்குச் சொன்னார்.

இந்தப் பக்கத்தில் தண்ணீர் இது ஒன்றுதான். இரவெல்லாம் நடந்து வந்திருக்கும். தாய் குடித்தால்தான் குட்டிக்குப் பால். அடுத்த தண்ணீர் இரண்டு இரவு நடை தள்ளி இருக்கிறது. அதற்குப் பழக்கமான வழிதான். போய்ச் சேரலாம். குட்டியும் போய்ச் சேரலாம். இங்கே மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யானை மறக்காது.

தங்கவேலு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "குட்டி தாங்குமா, கேளுங்க சார்."

ஹோசியா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "தெரியாது" என்றார். அந்த வார்த்தைக்கு எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் எங்களுக்கு விமானம். கிளம்பும்போது ஹோசியாதான் ஆனந்தன் சார் போனில் அந்தக் கேமராவைக் காட்டினார். ஆனந்தன் சார் அதைத் தங்கவேலுவுக்கும் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து ஷெட்டில் டீ வேளை இப்படி ஆகிவிட்டது.

நான் சொல்லிப் பார்த்தேன். "டேய், அது வேற தண்ணிக்குப் போயிருக்கும். ஆனைக்கு வழி தெரியாதா?"

"தெரியும் மச்சான். ஆனா எம் பேரப்புள்ளைக்குன்னு வேண்டிகினு அதோட குட்டிய தண்ணியில்லாம தொரத்தி உட்டேன் இல்ல. அந்தக் குட்டிக்கு ஒண்ணுன்னா எங்க வந்து நிக்கும் சொல்லு."

"அப்டிலாம் ஒண்ணும் இல்லடா."

"இல்லன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

நான் டீ கிளாஸைக் கழுவ எழுந்தேன். பஞ்சவர்ணம் மட்டும் நூலைக் கடித்துக்கொண்டே கேட்டாள், "அது பொம்பள ஆனைதான? பின்ன பிள்ளையாருன்னு எப்டிடா கும்புட்ட?"

"தும்பிக்கய பாத்ததும் கை தானா வந்துருச்சுக்கா."

அவள் அதற்குப் பிறகு அவனைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவன் மனைவி அனுசுயா ஷெட் கேட்டுக்கே வந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தவள், நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"உத்தமண்ணே, நீங்களாவது கேளுங்க. ஆவடில சம்பந்தி மூஞ்சத் திருப்பிகினு கீறாங்க. ஏழாம் மாசம் முடியப்போவுது. நாள் பாக்க வாய்யான்னா ஊட்லயும் அந்தப் போனையே பாத்துகினு குந்திகினு கீறாரு. இன்னாதான் கீது அதுல? கல்லும் கட்டாந்தரையும். எவளாவது கீறாளான்னு பாத்தேன், அதுவும் இல்ல."

"அவனையே கேளும்மா."

"கேட்டா வாயத் தொறக்கறதில்ல. ஏற்கனவே ரெண்டு போச்சு. இதுக்கு மேல அந்தப் பொண்ணு மனசு நோவக் கூடாது. நாள் குறிக்கலன்னா அது இன்னா நெனைக்கும்? நம்ம அப்பனுக்கே நம்பிக்கை இல்லன்னு நெனைக்காது?"

இதை நான் போய் அவனிடம் அப்படியே சொன்னேன். கையிலிருந்த ராடைக் கீழே வைத்தான். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஆவடிக்குக் கிளம்பினான்.

மருமகன் அஸ்வின் அங்கே ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறார். குவார்ட்டர்ஸில் கீழ் வீடு. ஷோபனா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். டாக்டர் அப்படிப் படுக்கச் சொல்லியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழப் போனாள்.

"படுத்துக்கம்மா," என்றான் தங்கவேலு. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். இறங்கியது, காசு, கைகூப்பியது, அது திரும்பிப் போனது, ஹோசியா சொன்னது. வாசற்படியில் நின்ற அஸ்வின் சத்தமில்லாமல் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஷோபனா அவன் தலையையே பார்த்தாள். வயிற்றின்மேல் கை இருந்தது.

"எனுக்காகவா நைனா இறங்கின?"

"ஆமாம்மா."

"அது உன்மேல கோவப்பட்டுப் போவல. பயந்துருக்கும். புள்ளய வயித்துகிட்ட வெச்சிகினு கீறப்ப எவன் கிட்ட வந்தாலும் பயமாத்தான் கீது. போன வாரம் ஆஸ்பத்திரில ஒரு நர்சு சும்மா தொட வந்தாங்க. நான் கைய தட்டி உட்டுட்டேன்."

தங்கவேலு தலையைக் குனிந்துகொண்டான்.

"அத என் போன்ல போட்டுக் குடு. பட்டறைல நீங்க இன்னாத்த ஒழுங்கா பாப்பீங்க? டீ வேளைக்கு மட்டும் பாத்தா ஆச்சா? நான் நாள் பூரா இப்டித்தான படுத்துகினு கீறேன். நான் பாக்கறேன்."

"உனுக்கு எதுக்கும்மா அது? எதுனா தப்பாப் பாத்துட்டின்னா..."

"பாத்தா பாக்கறேன். நீ நாள் குறி. அது வந்தாலும் வரலன்னாலும் நான் வளையல் போட்டுக்கப் போறேன். எம் புள்ளைக்கு வளையல் சத்தம் கேக்கணும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் தன் போனை நீட்டினாள். கேமராவைப் போட்டுக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு தங்கவேலு ஷெட்டில் அந்தக் கேமராவைத் திறக்கவில்லை. டீ வேளையில் ஷோபனாவிடமிருந்து போன் வரும். சத்தமாக வைப்பான், எல்லோரும் கேட்போம்.

"இன்னைக்கு ஒட்டகச்சிவிங்கி வந்துச்சு நைனா. குனிய முடியல பாவம், ரெண்டு காலையும் அகட்டி வெச்சிகினு குடிக்குது."

"ஆனை?"

"வரல."

மறுநாள் நெருப்புக்கோழி. அதற்கடுத்து நரி. ஒரு நாள் வேறு யானைகள், கொம்பு உடைந்த ஆண் யானை ஒன்றும் சின்னது இரண்டும். அன்றைக்கு அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. "காது முழுசா கீது நைனா. அது இல்ல," என்றாள். பஞ்சவர்ணம் மிஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாள் குறித்தபடி வளைகாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஷெட்டிலிருந்து எல்லோரும் ஆவடிக்குப் போனோம். பதினொரு மணிக்குள் வளையல் போட்டு முடித்தார்கள். இரண்டு கையும் முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று பந்தி நடந்தது. தங்கவேலு பந்தியில் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தான். மகள் முன்னால் போய் நிற்கவே இல்லை. சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வாடகை கார் வாசலில் நின்றது. சீர்த் தட்டுகளை ஏற்றியாகிவிட்டது.

ஷோபனா நாற்காலியை விட்டு எழவில்லை. புடவை மடியில் போன் இருந்தது.

"எழுந்திரிடி, நேரமாவுது," என்றாள் அனுசுயா.

"இரும்மா."

"இன்னா இரு? மணி நாலு தாண்டிருச்சு."

"நைனாவைக் கூப்புடு."

தங்கவேலு கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நானும் பின்னால் போனேன். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன.

தொட்டிக்குத் தள்ளி, படத்தின் ஓரத்தில், அது நின்றிருந்தது. ஒரு பக்கம் திரும்பி நின்றதால் காது தெரிந்தது. கிழிந்த காது. பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

"குட்டி?" என்றான் தங்கவேலு.

ஷோபனா போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள்.

அது தொட்டிக்குப் போகவில்லை. நேராக அன்று எங்கள் வண்டி நின்ற இடத்துக்கு, அவன் கைகூப்பி நின்ற அந்த இடத்துக்கு வந்தது. தும்பிக்கையைத் தரையில் வைத்தது. மண்ணை மோந்தது. இன்னொரு இடத்தில் மோந்தது. காது விரிந்தது. இப்போதும் திரும்பிப் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

தங்கவேலுவின் கைகள் தானாக மேலே எழும்பின. நெஞ்சு வரை வந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். கீழே இறக்கினான். ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் நின்றது ஆவடியில், அதற்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கடலே இருந்தது. ஆனாலும் அசையாமல் நின்றான். மூச்சுக்கூட விடவில்லை. கூடத்தில் இருந்த பெண்களும் ஏன் என்று தெரியாமலே பேச்சை நிறுத்தினார்கள்.

"யோவ், ராகு காலம் வந்துரும்யா," என்றாள் அனுசுயா, மெதுவாக.

"வரட்டும்," என்றான் தங்கவேலு.

எதற்கும் நல்ல நேரம் பார்க்கிறவன் அவன். அமாவாசையில் புது ராடு டப்பாவைக்கூடப் பிரிக்க மாட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளும் வந்து போனைப் பார்த்தாள்.

யானை தும்பிக்கையைத் தூக்கியது. ஒரு அடி நகர்ந்தது. அதன் பின்னங்காலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கால் தெரிந்தது. சின்னக் கால். குட்டி வெளியே வந்து, தாயைத் தாண்டி, தொட்டியை நோக்கி ஓடியது. மெலிந்திருந்தது. தும்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதற்கு இன்னும் தெரியவில்லை. முன்னங்காலை மடித்து, வாயையே தண்ணீரில் வைத்துக் குடித்தது.

ஷோபனா ஒரு கையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சவர்ணம் எங்கேயோ பின்னாலிருந்து, "குடிடா தங்கம், குடி," என்றாள்.

தாய் கடைசியாகத்தான் தொட்டிக்குப் போனது.

வாசலில் கார் டிரைவர் ஹாரன் அடித்தார். அஸ்வின் போய் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். தங்கவேலு கையை முதுகிலிருந்து எடுக்கவில்லை. கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்கக்கூட எடுக்கவில்லை.

"போலாமா நைனா?" என்றாள் ஷோபனா.

"இரும்மா. அது குடிச்சி முடிச்சிட்டுப் போவட்டும்."

ராகு காலம் வந்தது. நாங்கள் யாரும் எழவில்லை.